டெல்பர்ட்டின் வேலையில்லாத் தோட்டம்

இனி வாழ்நாளில் புல் வெட்டுவதில்லை என்று டெல்பர்ட் ஹ்யூஸ்பி ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தீர்மானம் செய்தார். தீர்மானம் செய்தபோது அவர் புல்வெட்டும் வண்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். ஆகவே அதில் உணர்ச்சி அதிகம்.

மின்னசோட்டாவில் நார்ட்பி என்கிற ஊரில் பனி போய்ப் புல் வந்துவிட்டால் மனிதனுக்கு நிம்மதி கிடையாது. சனிக்கிழமை எட்டு மணிக்கு யாரோ ஒருவர் புல்வெட்டும் வண்டியைக் கிளப்புவார். அந்தச் சத்தம் கேட்ட ஐந்தாவது நிமிஷம் தெரு முழுக்கக் கிளம்பிவிடும். எந்த வீட்டில் சத்தம் கேட்கவில்லையோ அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று முடிவு கட்டி, அக்கம்பக்கத்தார் துக்க முகத்தோடும் கேக்கோடும் வந்து நிற்பார்கள்.

டெல்பர்ட்டுடையது மூலை வீடு. இரண்டு தெருவுக்குச் சேர்த்துப் புல். வெட்டி, ஓரம் சீவி, பெருக்கி முடிக்கும்போது மணி ஒன்று ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் படகை வண்டியில் மாட்டிக்கொண்டு ஆமை ஏரிக்குப் போவார். மீனோ விடியற்காலை ஆறு மணிக்குப் பசிக்கிற பிராணி. மதியம் இரண்டு மணிக்கு அது சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, படுத்துவிடும். முப்பத்தைந்து வருஷமாக டெல்பர்ட் தூங்குகிற மீன்களுக்கு மேலேயே படகு ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஐந்து நாள் தானியக் கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச், மதியம் மைத்துனி வீட்டுச் சாப்பாடு. மிச்சமிருந்தது சனிக்கிழமை ஒன்று. அதையும் புல் தின்றுகொண்டிருந்தது.

வழி ஒரு துண்டுக் காகிதத்தில் வந்தது. புல்வெட்டிக் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்த கடையில், மேஜை மேல் கிடந்தது. 'ஒருமுறை நடுங்கள். மறந்துவிடுங்கள். ஆண்டுதோறும் தானே முளைத்து வரும் பூச்செடிகள். வசந்தத்திலிருந்து உறைபனி வரை வண்ணம். பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை.' அந்தக் 'கிட்டத்தட்ட'வைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். டெல்பர்ட் அதைப் பார்க்கவே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் விடியற்காலை ஏரி, அதில் ஒரு படகு, அதில் அவர்.

மனைவி ஆர்லிஸிடம் சம்மதம் வாங்க வேண்டும். அது ஒன்றும் பெரிய காரியமல்ல. நார்ட்பியில் சம்மதம் வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது அடக்கம். மூன்றாம் தடவைதான் வாயில் இருப்பது வரும். காபி, கேக், நாற்காலி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மில்டன் ஓப்டாலின் கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது தீயணைப்பு வண்டி வந்து நின்றது. "உங்களுக்கு ஏன் சிரமம்" என்று மில்டன் இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை அவர்கள் கேட்பதற்குள் கொட்டகை போய்விட்டது. ஆனாலும் மில்டன் நடந்துகொண்ட விதத்தை ஊரில் இன்றைக்கும் பெருமையாகத்தான் பேசுகிறார்கள்.

"ஆர்லிஸ், முன்னாடி இருக்கிற புல்லையெல்லாம் பேத்துட்டுப் பூச்செடி வச்சிடலாமா?"

"ஐயோ, எதுக்கு? உனக்கு ஏன் சிரமம்?"

இது ஒன்று.

"சிரமமே இல்ல. நட்டாப் போதும். அதுவே அதப் பாத்துக்கும்."

"வேணாம் டெல். புல்லே நல்லாத்தான் இருக்கு."

இது இரண்டு.

"உனக்குப் பூன்னா பிடிக்குமேன்னு பாத்தேன்."

"நீ இவ்வளவு சொல்றப்ப நான் எப்படி வேணாங்கிறது?" என்றாள் ஆர்லிஸ். கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். தோட்டம் போட்டப்புறம் சனிக்கிழமை?"

"சனிக்கிழமை முழுக்க எனக்கு. விடியக்காலமே படகோட கிளம்பிடுவேன்."

"தோட்டத்துல வேலை இல்லேன்னா."

"அதான் வேலையே இல்லியே!"

"இல்லேன்னா படகு உனக்குத்தான். யாரு தடுத்தா? ஒருவேளை வேலை இருந்தா?"

"இருக்காது."

"ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்கு இருந்தா, யாருக்கு வேலை இல்லியோ அவங்க படக எடுத்துட்டுப் போகட்டும்," என்றார் டெல்பர்ட் மகா தாராளமாக. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி அந்தப் படகில் கால் வைத்ததே இல்லை.

ஆர்லிஸ் இருபத்தாறு வருஷமாக மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் பத்திரம் தட்டச்சு செய்கிறவள். பேச்சுக்குச் சொன்னதையும் தட்டச்சு செய்வது அவளுக்குக் கைப்பழக்கம். சாயங்காலம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தோட்டத்தில் வேலை இல்லாத சனிக்கிழமைகளில் படகு டெல்பர்ட்டுக்கு. வேலை இருக்கும் சனிக்கிழமைகளில் வேலையில்லாதவருக்கு. டெல்பர்ட் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

"செடி வாங்க நர்சரிக்குப் போகணும்," என்றார்.

"எதுக்கு? ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருக்கு. இந்த மாசத்துல பிரிச்சு நடுவாங்க. சொன்னாக் குடுப்பாங்க. எந்த மாதிரி வேணும் உனக்கு?"

"நிலத்தைச் சீக்கிரம் மூடற மாதிரி. மண்ணே தெரியக் கூடாது. மண்ணு தெரிஞ்சாத்தானே களை வரும்?"

"அப்படியா," என்றாள் ஆர்லிஸ். "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

நடந்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு வெர்னெட் டோலஃப்சன் ஒரு வாளியோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"டெல்பர்ட், செடி வேணுமாமே. இந்தாங்க."

"ஐயோ, பரவால்லங்க, உங்க தோட்டத்துல இருக்கட்டும்."

"நிறைய இருக்கு. எடுத்துக்கோங்க."

"உங்களுக்குக் குறைஞ்சிடப் போகுது."

"குறையாது," என்றாள் வெர்னெட். அந்த ஒரு வார்த்தையில் டெல்பர்ட்டுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "தயவுசெஞ்சு வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல வாயைத் திறந்தார். வெர்னெட் பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"நன்றி மட்டும் சொல்லிடாதீங்க! செடி குடுத்தா நன்றி சொல்லக் கூடாது. சொன்னா அது வளராது."

இதுவும் ஊர் வழக்கம்தான். டெல்பர்ட் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிற்காலத்தில் அந்தக் கணத்தை நினைத்து நினைத்து அவர் வருந்தியிருக்கிறார். ஆயிரம் தடவை சொல்லியிருக்கலாம்.

"இது பேர் என்ன?"

"சொல்பேச்சுச் செடின்னு சொல்வாங்க. பூவை எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் அப்படியே நிக்கும். அவ்வளவு அடக்கம்."

பூவைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான். வேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க வாளிகள் வந்தன. தானியக் கிடங்கில் கூட வேலை செய்கிற ஆரின் ஸ்கார், யாருக்கும் எதையும் சுலபத்தில் கொடுக்காத ஆசாமி, ஒரு மூட்டை ஆரஞ்சு லில்லி கொண்டுவந்து போட்டார். தபால் நிலைய அம்மாள் சிவப்புத் தேனீச்செடி கொடுத்தாள். நூலகத்திலிருந்து வாத்துக்கழுத்துச் செடி வந்தது. அதன் வெள்ளைப் பூக்களெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி நிற்கும், வாசலில் மாப்பிள்ளை வந்துவிட்டது போல. டெல்பர்ட் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை வாங்கி, நன்றி சொல்லாமல், புல்லைப் பேர்த்த இடத்தில் நட்டார். இப்படியும் ஒரு ஊரா, இப்படியும் மனிதர்களா என்று அவருக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. தூண்டில், தொப்பி, ஃபிளாஸ்கில் காபி. டெல்பர்ட் வாசலுக்கு வந்துவிட்டார். ஆர்லிஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்," என்றாள்.

நார்ட்பியில் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்து 'ம்' என்பார்கள். நீதிமன்ற ஆணைக்கு மேல்முறையீடு உண்டு, இதற்குக் கிடையாது.

"என்ன 'ம்'?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வாடினாப்பல இருக்கு."

"நட்டா மறந்துடலாம்னு போட்டிருக்கே!"

"மறந்துடலாம் டெல். வேர் பிடிச்சப்புறம். அதுவரைக்கும் தண்ணி ஊத்தணும்ல? வெர்னெட் வேற சாயங்காலம் அவ செடியப் பாக்க வர்றேன்னா."

செடி கொடுத்தவர்கள், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வருகிற மாதிரி வருவார்கள். இலை ஒன்று மஞ்சளாக இருந்தாலும் முகம் வாடிவிடும். டெல்பர்ட் தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழாயை எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு செடிகள். ஆறாவது செடியில் இருக்கும்போது பின்னால் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆர்லிஸ் படகை மாட்டிக்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் வெர்னெட், மடியில் சாண்ட்விச் பெட்டியோடு.

"எங்க போறே?"

"எனக்கு வேலை இல்லியே," என்றாள் ஆர்லிஸ்.

டெல்பர்ட் குழாயைப் பிடித்தபடியே சிரித்தார். மீன்பிடிப்பதென்றால் சும்மாவா? மதியத்துக்குள் வெயிலும் கொசுவும் தாங்காமல் இருவரும் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தார். அவர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். மூக்கு சிவந்திருந்தது. பெட்டியில் ஏழு மீன்.

"எப்படிப் பிடிச்ச?" என்று கேட்டுவிட்டு டெல்பர்ட் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"அதுங்க காலையில பசியோட இருக்கும்போல," என்றாள் ஆர்லிஸ்.

"உனக்குத்தான் மீன் நாத்தம் ஆகாதே?"

"நான் எப்ப சொன்னேன்?"

டெல்பர்ட் யோசித்துப் பார்த்தார். எப்போது என்று ஞாபகம் வரவில்லை.

அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றுவதிலேயே போயிற்று. பரவாயில்லை, அடுத்த வருஷம் வேர் பிடித்துவிடும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். பிடித்தது. அடுத்த வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜன்னலில் ஒரு 'ம்' காத்திருந்தது. ஒரு வாரம் தேனீச்செடி சாய்ந்திருந்தது, குச்சி கட்ட வேண்டியிருந்தது. இன்னொரு வாரம் லில்லி. அந்த லில்லிப் பூ ஒரே ஒரு நாள் இருக்கும், பிறகு அழுகிய துணி மாதிரி தொங்கும். அதைக் கிள்ள வேண்டும். கிள்ளி முடிப்பதற்குள் மறுநாள் பூ வாடத் தயாராகிவிடும். அந்த வருஷம் ஆர்லிஸ் இருபத்தொன்பது அங்குல மீன் ஒன்றைப் பிடித்தாள். ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்கிற கடையில் அவள் படத்தை மாட்டினார்கள். டெல்பர்ட் முப்பத்தைந்து வருஷமாகக் கண் வைத்திருந்த சுவர் அது.

மூன்றாம் வருஷம் மே மாதத்தில் செடிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு கிளம்பின. சொல்பேச்சுச் செடி நடைபாதைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்து தலையை நீட்டியது. ஜூலைக்குள் லில்லி தபால் பெட்டியை விழுங்கியது. தபால்காரர் குத்துமதிப்பாகக் கடிதங்களைப் பூக்களுக்குள் வீசிவிட்டுப் போனார். வெர்னெட்டின் குட்டி நாய் ஒரு வியாழக்கிழமை உள்ளே போனது, சனிக்கிழமை வேறொரு நாயோடு வெளியே வந்தது. வாசல் கதவைத் திறந்தால் வாத்துக்கழுத்துப் பூக்கள் நாற்பது ஒரே நேரத்தில் திரும்பி டெல்பர்ட்டைப் பார்த்தன. தெருவில் போகிறவர்கள் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஆகா, என்ன வண்ணம்! ரொம்பக் கவனிக்கணுமோ?" என்று கேட்டார்கள். ஆர்லிஸ் எங்கிருந்தாலும் வந்து பதில் சொல்வாள்: "ஒண்ணுமே வேணாங்க. அதுபாட்டுக்கு வரும்."

டெல்பர்ட்டுக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. கோடை ஒருவனுக்கு ஆயுளில் எத்தனை தடவைதான் வரும்?

அப்போதுதான் அந்த 'நன்றி' ஞாபகம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெர்னெட்டின் கதவைத் தட்டினார்.

"வெர்னெட், ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு செடி குடுத்தீங்க. ரொம்ப நன்றி. மிக்க நன்றி. மனப்பூர்வமான நன்றி."

வெர்னெட் கதவைப் பிடித்துக்கொண்டாள். "டெல்பர்ட், உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

பதினோரு வீடுகளில் நன்றி சொன்னார். நூலகத்தில் உரக்கச் சொன்னதால் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, ஏதாவது விட்டுப் போயிருக்கப் போகிறது என்று நடைபாதையில் நின்று செடிகளுக்கே நேராகவும் சொன்னார். மறுநாள் காலை தேனீச்செடியில் இரண்டு மொட்டு கூடியிருந்தது.

சரி, பிரித்துக் கொடுத்துவிடுவோம் என்று வாளியோடு கிளம்பினார். முதலில் ஆரின் ஸ்கார் வீடு.

"ஆரின், கொஞ்சம் லில்லி வச்சுக்கோயேன்."

"வேணாம் டெல்."

"நல்லா வரும்ப்பா."

"வேணாம்."

"ஆரின், மூணாவது தடவ கேக்கறேன்."

"தெரியும். எண்ணிட்டுதான் இருக்கேன். வேணாம்."

நார்ட்பி உண்டான நாளிலிருந்து மூன்றாம் தடவை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. டெல்பர்ட் வாளியைப் பார்த்தார். வாளி அவரைப் பார்த்தது. பதினோரு வீட்டிலும் இதே கதைதான். தபால் நிலைய அம்மாள் மூன்றாம் தடவைக்குக் காத்திராமல் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பினாள்.

கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெல்பர்ட்டுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆர்லிஸ் மட்டும் சர்ச்சுக்குப் போனாள். மூன்று பாட்டு, ஒரு பிரசங்கம், முடிந்ததும் காபி. ஊரே ஒன்றரை மணி நேரம் அங்கேதான் இருக்கும். இடுப்புப் பிடித்த மனிதர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பதினோரு தோட்டங்களில், ரோஜாவுக்குப் பின்னால், தக்காளிக்கு நடுவில், பறவைத் தொட்டிக்கு அடியில், எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் நட்டார். பூவாளியால் தண்ணீரும் ஊற்றினார். வேர் பிடிக்க வேண்டுமே. கடைசிப் பாட்டு காதில் விழுந்தபோது வீட்டுச் சோபாவில் படுத்து முனகிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை வாசலில் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு வாளி. ஆரின் முதலில் நின்றார்.

"டெல், உன்னோடது என் தோட்டத்துல வந்திருக்கு."

"என்னோடதுன்னு எப்படிச் சொல்றே? லில்லின்னா லில்லி."

"என் லில்லி எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அதோட மல்லுக்கட்டியிருக்கேன். எடுத்துக்கோ."

"வேணாம் ஆரின்."

"எடுத்துக்கோ."

"வேணாம்ப்பா."

"எடுத்துக்கோயேன்," என்றார் ஆரின் மூன்றாம் தடவையாக. டெல்பர்ட்டின் வாய் திறந்தது. 'வேண்டாம்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் எவருக்கும் வராத வார்த்தை அவருக்கு மட்டும் எப்படி வரும்? கை தானாக நீண்டு வாளியை வாங்கியது. அடுத்த வாளியும் அப்படியே. பதினோரு வாளிகள். ஞாயிற்றுக்கிழமை நட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஆரினுக்கே பாவமாகப் போய்விட்டது. கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார்.

"உனக்குத் தெரியாதா? நீ தோட்டம் போடறேன்னு சொன்ன அன்னைக்கே ஆர்லிஸ் வீடு வீடா வந்து கேட்டா. 'நின்ன எடத்துல நிக்கிற செடி வேணாம். ஓடற செடியாப் பாத்துக் குடுங்க'ன்னா. யாராவது மாட்டேன்னு சொல்வாங்களா? எங்க தோட்டமெல்லாம் அன்னைக்குத்தான் சுத்தமாச்சு."

டெல்பர்ட் சமையலறைக்குள் புயலாக நுழைந்தார். ஆர்லிஸ் சாண்ட்விச்சில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓடற செடியாக் குடுங்கன்னு நீ சொன்னியா?"

"நீதானே டெல் சொன்னே, மண்ணு சீக்கிரம் மூடணும்னு? இப்ப மூடிருச்சா இல்லியா?"

மூடித்தான் இருந்தது. நடைபாதைகூட. டெல்பர்ட் புயலாகவே வெளியே வந்தார். வந்த இடத்தில் பதினோரு வாளிகள் இருந்தன. நட ஆரம்பித்தார்.

அன்றைக்கு மண்வெட்டியோடு நிற்கும்போதுதான் அவருக்கு உதித்தது. ஃபிரிட்ஜ் கதவில் இருப்பது என்ன? 'வேலை இல்லாத சனிக்கிழமை.' வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட்டால்? மூன்று வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜூலை மாதத்தில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறதே!

திங்கட்கிழமை கிடங்கிலிருந்து வந்தவர் சட்டை மாற்றாமல் தோட்டத்தில் இறங்கினார். திங்கள் களை. செவ்வாய் குச்சி. புதன் நடைபாதையைத் தோண்டி வெளியே எடுத்தார். வியாழன் தபால் பெட்டியைக் கண்டுபிடித்தார். உள்ளே மைத்துனி போட்ட பிறந்தநாள் வாழ்த்து இருந்தது. வெள்ளிக்கிழமை மறுநாள் வாடப்போகிற லில்லிகளைக்கூட முன்கூட்டியே கிள்ளிவிட்டார். அது செடிக்குச் செய்கிற அநியாயம்தான். ஆனால் அவருக்கு யார் நியாயம் செய்தார்கள்?

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு ஆர்லிஸ் ஜன்னலுக்கு வந்தாள். டெல்பர்ட் பின்னால் நின்றார். ஆர்லிஸ் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"ஏதாவது 'ம்' இருக்கா?"

"இல்ல."

"சாஞ்சது, வாடினது, முளைச்சது?"

"எதுவும் இல்ல டெல். வேலையே இல்ல."

டெல்பர்ட் அங்கே நிற்கவில்லை. நேராகப் போய்த் தூண்டிலை எடுத்தார். தொப்பியைத் தட்டினார், மூன்று வருஷத் தூசி பறந்தது. வாசலுக்கு வந்தபோது படகு ஏற்கெனவே வண்டியில் மாட்டியிருந்தது. வழக்கம்போல முன் இருக்கையில் வெர்னெட், மடியில் பெட்டி. ஆர்லிஸ் பின்னாலேயே வந்து சாவியை எடுத்தாள்.

"வேலை இல்லாத சனிக்கிழமை," என்று டெல்பர்ட் நினைவூட்டினார்.

"தெரியுமே. கையெழுத்துப் போட்டிருக்கு. படகு இன்னைக்கு உன்னோடதுதான்," என்றாள் ஆர்லிஸ். வண்டிக் கதவைத் திறந்து பிடித்தாள். "வா டெல், ஏறு. சேந்தே போவோம்."

ஏறியிருக்க வேண்டும். ஒரு எட்டுத்தான். ஆனால் கதவைத் திறந்து வைத்து, சிரித்த முகமாக, 'ஏறு' என்று சொன்னால் நார்ட்பியில் பிறந்தவன் எப்படி உடனே ஏறுவான்? மூளை வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, வாய் தன் வேலையைப் பார்த்தது.

"ஐயோ, பரவால்ல. நீங்க ரெண்டு பேரும் கிளம்பி நிக்கிறீங்க. போயிட்டு வாங்க."

இது ஒன்று.

"நெஜமாத்தான் சொல்றேன் டெல். வா."

"இல்ல இல்ல. மூணு பேருன்னா நெருக்கமா இருக்கும்."

இது இரண்டு. டெல்பர்ட் தூண்டிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது காலைப் படியில் வைக்க வசதியாகச் சற்று முன்னால் நகர்ந்து நின்றார். முகத்தில் அடக்கம். ஏரி, விடியற்காலை, பசியோடு இருக்கிற மீன் எல்லாம் ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தன.

ஆர்லிஸ் கதவைச் சாத்தினாள். சுற்றிப் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

டெல்பர்ட்டுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. வண்டி நகர்ந்தது. அவரும் தூண்டிலோடு கூடவே நடந்தார். பிறகு ஓடினார்.

"ஆர்லிஸ்! ஆர்லிஸ்! இன்னொரு தடவ கேக்கலியே!"

ஆர்லிஸ் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். கோபமெல்லாம் இல்லை. ரொம்ப அன்பாகத்தான் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் டெல். ஒவ்வொரு சனிக்கிழமையும் 'ஏரிக்கு வர்றியா'ன்னு ஒரு தடவ கேப்பே. நான் மரியாதைக்கு வேணாம்னு சொல்லி வாய மூடறதுக்குள்ள உன் வண்டி தெருமுனை தாண்டிடும்," என்றாள். "நான் உன்னை ரெண்டு தடவ கேட்டுட்டேன்."